தெரியாத துறையில் தொடங்கிய தளம் காசு தரவில்லையா? அறிகுறி வாரியாகத் தேடுவோம்

தனக்குப் பழக்கமில்லாத ஒரு விஷயத்தில் நிச் தளம் (ஒரே தலைப்பைப் பற்றி மட்டும் எழுதும் இணையதளம்) தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறார்கள். எதில் போட்டி குறைவு, எதில் விளம்பரக் காசு அதிகம் என்று பார்த்து ஒரு தலைப்பைப் பிடிப்பார்கள். மளமளவென்று ஐம்பது கட்டுரை போடுவார்கள். ஆறு மாதம் கழித்து ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பார்கள். அப்படி மொத்தமாகச் சொன்னால் எதையும் சரிசெய்ய முடியாது. கூகுள் பக்கத்தையே எடுக்கவில்லையா, எடுத்தும் யார் கண்ணிலும் படவில்லையா, பட்டும் உள்ளே வரவில்லையா, வந்தவர் எதுவும் வாங்கவில்லையா என்று பிரித்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

உதாரணமாக ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்கிறேன்: குடிநீரைச் சுத்திகரிக்க வீட்டில் வைக்கும் ஆர்.ஓ. மெஷின். இது அடிக்கடி பழுதாகும், வருடத்துக்கு ஒருமுறையாவது ஸ்பேர் கேட்கும், அதனால் தேடுபவர்களுக்குப் பஞ்சமில்லை. எழுதுபவருக்கோ பெரும்பாலும் அதைத் திறந்து பார்த்த பழக்கம் இருக்காது. உங்கள் தலைப்பு இன்வெர்ட்டர் பேட்டரியாகவோ தையல் மெஷினாகவோ இருந்தால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் அதைச் சேர்த்திருக்க வேண்டும். அது இலவசம். அது இல்லாமல் கீழே உள்ள எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அறிகுறி: பக்கம் கூகுளில் வரவே இல்லை

சர்ச் கன்சோலின் மேல்பட்டையில் பக்கத்தின் முகவரியை ஒட்டினால், அது கூகுளின் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மிகச் சின்ன விஷயம். வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங். அங்கே தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுக்க வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். தளத்தைக் கட்டும்போது யாரோ டிக் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். அடுத்தது, தேடலுக்காகப் போட்ட எஸ்.இ.ஓ. ப்ளகினில் ‘நோ இண்டெக்ஸ்’ (பட்டியலில் சேர்க்காதே என்ற குறிப்பு) போடப்பட்டிருக்கிறதா என்பது. மூன்றாவது, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கொடுத்தாயிற்றா என்பது.

இவையெல்லாம் சரி என்றால், கன்சோல் சொல்லும் காரணத்தைக் கவனமாகப் படியுங்கள். ‘டிஸ்கவர்ட்’ என்று தொடங்கும் காரணமும் ‘க்ரால்ட்’ என்று தொடங்கும் காரணமும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதில் கூகுளுக்கு முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. புதுத் தளத்துக்கு இது சகஜம். மற்றப் பக்கங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். இரண்டாவதில் கூகுள் வந்தது, படித்தது, எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது. அங்கே ‘ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்’ பொத்தானைத் தினமும் அழுத்துவதில் பயனில்லை. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பக்கங்களைவிட அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் வழக்கமான காரணம். அப்படிப்பட்ட பக்கங்கள் நிறைய இருந்தால் நேராகக் கீழே ‘முப்பதாம் இடம்’ பகுதிக்குப் போய்விடுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பைத் தமிழில் போட்டால் பக்க முகவரியும் தமிழிலேயே உருவாகும். கூகுளுக்கு அதில் பிரச்சினை இல்லை. ஆனால் வேர்ட்பிரஸ் அந்த முகவரித் துண்டுக்கு 200 குறிகள்தான் இடம் வைத்திருக்கிறது. ‘க’ என்ற எழுத்து உள்ளே 9 குறிகளாக மாறும், ‘கு’ என்றால் 18. பத்துப் பதினைந்து எழுத்திலேயே முகவரி வெட்டுப்படும். ‘ஆர்.ஓ. மெஷின் தண்ணீர்’ என்று ஒரேபோலத் தொடங்கும் பத்துத் தலைப்புகள் இருந்தால் பத்துக்கும் முகவரி ஒரே இடத்தில் அறுந்து, கடைசியில் 2, 3 என்று எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளும் எண்களுமாக நாலு வரிக்கு நீளும், அதைப் பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்றே நினைப்பார். ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாகச் சின்ன முகவரி வைப்பது நல்லது. பழைய பக்கங்களில் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ரீடைரக்ட் கொடுக்க மறக்க வேண்டாம்.

அறிகுறி: பட்டியலில் இருக்கிறது, ஆனால் இம்ப்ரெஷன் இல்லை

இம்ப்ரெஷன் என்பது தேடல் முடிவுகளில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண்ணிக்கை. அது இல்லையென்றால் யாரும் தேடாத சொல்லில் எழுதியிருக்கிறீர்கள். ‘நீர்ச் சுத்திகரிப்பான் பராமரிப்பு முறைகள்’ என்று தலைப்பு வைத்தால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டும்போது யாரும் அப்படித் தட்டச்சு செய்யமாட்டார்கள். ‘ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி நிக்கல’ என்பார்கள், அதையும் ஆங்கில எழுத்தில்.

கீவேர்ட் கருவிகளைத் தமிழ்ச் சொற்களுக்கு நம்ப முடியாது. பல சொற்களுக்கு எண்ணே காட்டாது. எண் வரவில்லை என்பதால் தேடுவாரே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூகுள் பெட்டியிலும் யூடியூப் பெட்டியிலும் பாதி வாக்கியம் எழுதி நிறுத்துங்கள், கீழே அதுவாக நீட்டும் சொற்கள் உண்மையான மனிதர்கள் தேடியவை. பழுதுபார்க்கும் வீடியோக்களின் அடியில் ‘அண்ணா எங்க வீட்டு மெஷின்ல…’ என்று ஆரம்பிக்கும் கேள்விகள் இன்னும் நல்ல சரக்கு. நான் புதுத் தலைப்பு எடுத்தால் கருவிகளைத் திறப்பதற்கு முன் அங்கேதான் போவேன்.

அறிகுறி: இம்ப்ரெஷன் ஏறுகிறது, கிளிக் விழவில்லை

கன்சோலில் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தேடலுக்கு அது காட்டப்படுகிறது என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். ‘டி.டி.எஸ். எவ்வளவு இருக்க வேண்டும்’ என்று நீங்கள் எழுதிய பக்கம், அதே பெயரில் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியைப் பற்றித் தேடுபவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அவர்கள் ஏன் கிளிக் செய்யப் போகிறார்கள்? தலைப்பில் ‘தண்ணீர்’ என்ற சொல் முன்னால் வரட்டும். அதோடு இம்ப்ரெஷன் பாதியாகக் குறைந்தாலும் நஷ்டமில்லை.

இன்னொரு காரணம், பதில் கூகுளின் பக்கத்திலேயே கிடைத்துவிடுவது. ஏ.ஐ. தொகுத்துத் தரும் பதில்களை 2024 ஆகஸ்டில் இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கூகுள் கொண்டுவந்தது. ‘டி.டி.எஸ். என்றால் என்ன’ என்பதுபோல இரண்டு வரியில் முடியும் கேள்விக்கு இனி வாசகர் உள்ளே வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். படம் பார்த்துக் கழற்ற வேண்டிய வேலை, இரண்டு பொருளை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டிய நிலை போன்றவற்றுக்குத்தான் இன்னும் கிளிக் விழுகிறது.

அறிகுறி: முப்பதாம் இடத்தைத் தாண்டமாட்டேன் என்கிறது

தெரியாத துறையில் தொடங்கிய தளங்களின் உண்மையான நோய் இதுதான் என்பது என் கணிப்பு. கட்டுரையில் இலக்கணப் பிழை இருக்காது, துணைத் தலைப்புகள் இருக்கும், படங்கள் இருக்கும். ஆனால் மெஷினைத் திறந்து பார்த்த ஒருவர் மட்டுமே எழுதக்கூடிய வரி ஒன்றுகூட இருக்காது. ‘ஆர்.ஓ., யு.வி., யு.எஃப். மூன்றும் உள்ள மாடலே சிறந்தது’ என்று எழுதியிருக்கும். எந்தத் தண்ணீருக்கு, ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் ‘அனுபவம்’ என்பதைத் தனியாகச் சேர்த்தது இப்படிப்பட்ட எழுத்தைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது.

உங்கள் கட்டுரையில் இந்த நோய் இருக்கிறதா என்று சோதிக்கச் சுலபமான வழி: எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்ற பெயர்களை எடுத்துவிட்டு வேறு பெயர்களைப் போடுங்கள். கட்டுரை அப்படியே பொருந்தினால் அதில் சரக்கு இல்லை.

சரி, துறை தெரியாதவர் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆர்.ஓ. விஷயத்தில் நான் சொல்லும் வரிசை இது.

முதலில் தண்ணீர் போகும் பாதை. வெளியே தொங்கும் ப்ரீ ஃபில்டர், உள்ளே ஸ்பன், கார்பன், தண்ணீரைத் திறந்து மூடும் எஸ்.வி., அழுத்தம் தரும் பம்ப், உப்பைப் பிரிக்கும் மெம்பரேன், டேங்க், வேஸ்ட் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஆர். சர்வீஸ்காரர்கள் சோலினாய்டு வால்வை எஸ்.வி. என்றும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை எஃப்.ஆர். என்றும்தான் சொல்வார்கள், ஸ்பேர் கடையிலும் அப்படித்தான் கேட்க வேண்டும். இந்தப் பாதை மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்குத் தானாகப் பதில் வரும். மெஷின் நின்ற பிறகும் வேஸ்ட் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் எஸ்.வி. மூடவில்லை என்று அர்த்தம். கார்பன் எதற்கு என்று கேட்டால் வாடைக்கு என்று மட்டும் எழுதுவார்கள். மெம்பரேனைக் குளோரின் அரித்துவிடும், அதைப் பிடித்து நிறுத்துவதும் கார்பன்தான். ஆகவே குளோரின் கலந்து வரும் மெட்ரோ தண்ணீர் வீட்டில் கார்பனைத் தள்ளிப்போட்டால் மெம்பரேன் போகும். போர் தண்ணீர் வீட்டில் மெம்பரேனைக் கெடுப்பது பெரும்பாலும் உப்புப் படிவு. ‘வருடத்துக்கு ஒருமுறை எல்லா ஃபில்டரையும் மாற்றவும்’ என்ற ஒற்றை வரிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இரண்டாவது, டப்பாவில் அச்சடித்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது. மெம்பரேனில் 80 ஜி.பி.டி. என்று இருக்கும். நாளைக்கு 80 கேலன், அதாவது ஏறக்குறைய 303 லிட்டர். 24 ஆல் வகுத்தால் மணிக்கு 12 லிட்டர் சொச்சம். விளம்பரத்தில் பார்க்கும் ‘மணிக்கு 12 லிட்டர்’ இதுதான். சோதனைக்கூடத்தில் குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட அழுத்தத்தில் எடுத்த அளவு அது. உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் அவ்வளவு வராது. உங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கு இருந்தால், அதே எண்ணை அப்படியே நகலெடுத்த மற்றப் பக்கங்களிலிருந்து அது தனித்துத் தெரியும்.

மூன்றாவது, அரசுத் தரம். இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 10500 குடிநீருக்கான தரம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் டி.டி.எஸ். வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லையென்றால் 2000 வரை அனுமதி என்கிறது. மொத்தக் கடினத்தன்மைக்கு அதே கணக்கில் 200, 600. உலக சுகாதார நிறுவனமோ டி.டி.எஸ்.ஸுக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை, சுவையை வைத்துத்தான் பேசுகிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 இல், 500க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ. வேண்டியதில்லை என்ற திசையில் உத்தரவிட்டது. நீர் வீணாவதுதான் காரணம். இதையெல்லாம் படித்தவர் ‘250 டி.டி.எஸ். தண்ணீர் ஆபத்து, உடனே ஆர்.ஓ. வாங்குங்கள்’ என்று எழுதமாட்டார். ‘உங்கள் மீட்டர் 250 காட்டினால் ஆர்.ஓ. வாங்காதீர்கள், இதைச் செய்யுங்கள்’ என்று ஒரு பக்கம் வைப்பார். அந்தப் பக்கத்தில் கமிஷன் வராது. ஆனால் மற்றப் பக்கங்களை நம்பவைப்பது அதுதான்.

டி.டி.எஸ். மீட்டரால் எதையெல்லாம் சொல்ல முடியாது என்பதையும் இங்கேயே எழுதிவிடுங்கள். கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது, ஃப்ளோரைடையும் தனியாகக் காட்டாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பழைய பிரச்சினை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தப் பக்கத்து வாசகருக்குச் சில நூறு ரூபாய் மீட்டரைப் பரிந்துரைத்துவிட்டுக் கைகழுவக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன என்று சொல்லலாம்.

நான்காவதுதான் முக்கியம்: நீங்களே அளப்பது. ஒரு மீட்டர், ஒரு லிட்டர் பாட்டில், செல்போன் கடிகாரம் போதும். உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் நிறைய எத்தனை நிமிடம், அதே நேரத்தில் வேஸ்ட் குழாயில் எவ்வளவு. 1200 உள்ளே போய் 60 வெளியே வந்தால் மெம்பரேன் 95 சதவீதம் தடுக்கிறது என்று கணக்கு. சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீடு, டீக்கடை என்று நாலைந்து இடத்தில் அளந்து, படம் எடுத்து, தண்ணீர் எந்த வகை என்று குறித்து ஓர் அட்டவணை போடுங்கள். தமிழில் அப்படி ஓர் அட்டவணை கிடைப்பது அபூர்வம்.

ஐந்தாவது, சர்வீஸ்காரர். ஒரு நாள் கூலியைக் கொடுத்து அவரோடு வீடு வீடாகப் போய் வருவது, எந்த ஆன்லைன் கோர்ஸையும்விட மலிவு. பையில் எந்த ஸ்பேரை அதிகம் வைத்திருக்கிறார், மே மாதம் எந்தப் புகார் அதிகம் வரும், எந்த வீட்டில் ‘இதுக்கு மெக்கானிக்கே வேண்டாம்மா’ என்று சொல்லிவிட்டு வந்தார், இவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை.

இவ்வளவும் செய்தால் நூறு கட்டுரை வராது, பதினைந்துதான் வரும். அது போதும்.

அறிகுறி: வாசகர் வந்து ‘நீங்கள் சொன்னது தப்பு’ என்கிறார்

நல்ல அறிகுறி. யாரோ கடைசி வரை படித்திருக்கிறார்.

உதாரணமாக இப்படி வரும்: ‘நீங்கள் சொன்னபடி மெம்பரேன் மாற்றினேன், டி.டி.எஸ். இன்னும் 180 காட்டுகிறது, காசு வேஸ்ட்.’ பல மெஷின்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு உண்டு. மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவது அதன் வேலை. அதை மூடாமல் அளந்தால் மெம்பரேன் புதிதாக இருந்தாலும் எண் அதிகமாகத்தான் வரும். கட்டுரையில் ‘எண் அதிகமானால் மெம்பரேன் போச்சு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வாசகர் சொல்வது சரி. பக்கத்தைத் திருத்தி, எந்தத் தேதியில் எது மாறியது என்று மேலே ஒரு வரி போட்டு, அவருக்கும் பதில் எழுதுங்கள்.

செய்யக் கூடாத ஒன்று: ‘20 வருட அனுபவமுள்ள நிபுணர்’ என்று கற்பனைப் பெயரும் கடன் வாங்கிய புகைப்படமும் போட்டு எழுத்தாளர் பக்கம் தயாரிப்பது. துறை உங்களுக்குப் புதிது என்று சொல்லிக்கொண்டே, அளந்ததையும் கேட்டதையும் எழுதலாம். சர்வீஸ்காரர் சம்மதித்தால் அவர் சரிபார்த்தார் என்று போடலாம். குடிக்கும் தண்ணீர் உடல்நலத்தைத் தொடும் விஷயம், அதனால் கிட்னிக் கல், முடி கொட்டுதல் போன்ற பேச்சுகள் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அறிகுறி: கூட்டம் வருகிறது, காசு வரவில்லை

இதற்குள் மூன்று தனித்தனிப் புகார்கள் கலந்திருக்கும்.

கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸுக்குப் போட்ட விண்ணப்பம் ‘லோ வேல்யூ கன்டென்ட்’ என்று திரும்பி வந்தால், மொழியைக் குறை சொல்ல வேண்டாம். 2018 லிருந்து ஆட்சென்ஸ் தமிழை ஏற்கிறது. பாதி எழுதிய பக்கங்கள், ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொல்லும் பக்கங்கள், கட்டுரையே இல்லாத வகை (கேட்டகரி) பக்கங்கள் ஆகியவற்றை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஒப்புதல் வந்தும் பணம் வரவில்லை என்றால் வரம்பைப் பாருங்கள். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்யத் தபாலில் பின் எண் அனுப்புவார்கள், 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். கதவு எண், தெரு மாறிய முகவரி கொடுத்திருந்தால் அந்தக் கடிதம் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். தன் விளம்பரத்தைத் தானே கிளிக் செய்வது, நண்பர்களை அழுத்தச் சொல்வது, இரண்டும் கணக்கையே மூடவைக்கும்.

அடுத்த புகார், வருவது ரொம்பக் குறைவு என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எல்லாம் வைத்துக்கொண்டவைதான். மாதம் 20,000 பார்வை, ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்றால் 800 ரூபாய். அந்த வேகத்தில் 100 டாலர் சேரக் கிட்டத்தட்ட ஒரு வருடம். அஃபிலியேட்டில், அதாவது உங்கள் இணைப்பு வழியாக வாங்கினால் கமிஷன் கிடைக்கும் முறையில், 5,000 பேர் ஸ்பேர் பற்றிய பக்கங்களைப் பார்த்து, நூற்றுக்கு நான்கு பேர் இணைப்பை அழுத்தி, அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் 900 ரூபாய்க்கு வாங்கினால் விற்பனை 9,000, கமிஷன் 5 சதவீதமென்றால் 450 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,250. இது பிழை இல்லை, தமிழில் எழுதும் சின்னத் தளத்தின் இயல்பான அளவு. விளம்பரத்தின் இடத்தை மாற்றி மாற்றி வைத்து இதை 1,400 ஆக்கலாம், பெரிதாக ஒன்றும் மாறாது.

மாற வேண்டியது எதை விற்கிறோம் என்பது. பதினைந்தாயிரம் ரூபாய் மெஷினை முதன்முறை வந்த தளத்தின் பேச்சைக் கேட்டு யாரும் வாங்குவதில்லை. கடைக்குப் போய்ப் பார்த்து, பழையதைக் கொடுத்து, பேரம் பேசி வாங்குவார்கள். நானூறு ரூபாய் எஸ்.வி.யை, ‘உங்கள் மெஷினுக்கு எது பொருந்தும்’ என்று படத்தோடு விளக்கிய பக்கத்திலிருந்து யோசிக்காமல் வாங்குவார்கள். அதைவிட நல்ல வழி சர்வீஸ். நம்பகமான இரண்டு மூன்று சர்வீஸ்காரர்களிடம், முடிந்த வேலைக்கு 100 ரூபாய் என்று பேசி, அந்த ஊர்ப் பக்கங்களில் மட்டும் அழைப்பு எண்ணைப் போட்டால், மாதம் 25 வேலைக்கே 2,500 வந்துவிடும். அதே தளம், அதே கூட்டம். பொறுப்பும் கூடும் என்பதை மறக்க வேண்டாம். அவர் தகராறு செய்தால் வாசகர் உங்களைத்தான் கேட்பார்.

மூன்றாவது புகார், இணைப்பை அழுத்துகிறார்கள், வாங்குவதில்லை என்பது. பொருள் கையிருப்பில் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பாதி நேரம் அந்தப் பொருளே இப்போது விற்பனையில் இருக்காது. அமேசானில் அழுத்திய 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் கணக்கு உங்களுக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். ‘சம்பளம் வரட்டும், அடுத்த வாரம் வாங்கலாம்’ என்ற பொருளுக்கு அந்த வழியே பொருந்தாது.

அறிகுறி: அஃபிலியேட் கணக்கை மூடிவிட்டார்கள்

அமேசானில் 180 நாளைக்குள் தகுதியான 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். தண்டனை இல்லை, மறுபடி விண்ணப்பிக்கலாம். கூட்டம் வருவதற்கு முன்பே கணக்கு தொடங்கியதுதான் காரணம். உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ வாங்கியது அந்த மூன்றில் சேராது.

விதிமீறல் என்று மூடியிருந்தால் மூன்றைப் பாருங்கள். விலையைக் கையால் தட்டச்சு செய்து போட்டிருக்கிறீர்களா? அங்கே விலை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அவர்களது தரவு இணைப்பு வழியாக வராத விலையைக் காட்ட அனுமதி இல்லை. வாடிக்கையாளர் விமர்சனங்களை நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்களா? கமிஷன் கிடைக்கும் என்று வாசகருக்குத் தெரியும்படி எழுதியிருக்கிறீர்களா? இந்தக் கடைசி விஷயத்தில் அமேசான் விதி மட்டும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டுதல்களும், பொருளைப் பரிந்துரைப்பவர் அதில் தனக்கு இருக்கும் ஆதாயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. தளத்தின் அடியில் பொடி எழுத்தில் போடாமல் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். அதைப் படித்துவிட்டு யாரும் ஓடிப்போவதில்லை.

அறிகுறி: ஒரே வாரத்தில் பாதியாகச் சரிந்தது

பதறி எதையும் அழிக்காதீர்கள். வரிசையாகப் பாருங்கள். ஹோஸ்டிங் படுத்துவிட்டதா, ப்ளகின் அப்டேட்டில் ‘நோ இண்டெக்ஸ்’ நுழைந்துவிட்டதா, கன்சோலில் ‘மேனுவல் ஆக்ஷன்’ (விதிமீறலுக்குக் கூகுள் ஆட்களே பார்த்து எடுக்கும் நடவடிக்கை) ஏதாவது இருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தண்ணீர் சம்பந்தப்பட்ட தலைப்பு வெயில் காலத்தில் ஏறி, ஐப்பசி மழையில் இறங்குவது இயற்கை. கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும், அதற்காகத்தான் முதல் நாளே அதில் சேரச் சொல்வது.

இதுவும் இல்லையென்றால் கூகுளின் தேடல் நிலைப் பலகையில் அந்தத் தேதியில் அப்டேட் ஏதாவது ஓடியதா என்று பாருங்கள். 2023 செப்டம்பர் அப்டேட் நிச் தளங்கள் பலவற்றைக் கவிழ்த்தது. 2024 மார்ச்சில் கூகுள், தேடலைக் குறிவைத்து மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களையும், காலாவதியான டொமைனை வாங்கிப் பழைய பெயரில் குளிர்காயும் தளங்களையும் ஸ்பாம் என்று விதியாகவே எழுதிவிட்டது. ஏ.ஐ. எழுதியதா மனிதர் எழுதியதா என்பது அங்கே கேள்வியில்லை, மொத்தமாக, பயனில்லாமல் எழுதியதா என்பதே கேள்வி.

அளந்து எழுதியவர்களும் அடிவாங்கினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. காற்றுச் சுத்திகரிப்பான்களை வாங்கிச் சோதித்து எழுதும் ஹவுஸ்ஃப்ரெஷ் என்ற தளம், சோதிக்காமலே பட்டியல் போடும் பெரிய பத்திரிகைத் தளங்கள் தன்னைக் கீழே தள்ளிவிட்டன என்று 2024 இல் பகிரங்கமாக எழுதியது. ஆக, மேலே சொன்னதையெல்லாம் செய்தால் கட்டாயம் மேலே வருவீர்கள் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கூகுளை மட்டும் நம்பாமல் யூடியூப், வாட்ஸ்அப் சேனல், ஊர்ச் சர்வீஸ்காரர்களின் வாய்வழிப் பரிந்துரை என்று இரண்டாவது வாசல் ஒன்று திறந்து வைத்திருப்பது அதனால்தான்.

சரிசெய்யும் வேலை மெதுவானது. ஒரே கேள்விக்கு நான்கு பக்கங்கள் இருந்தால் ஒன்றாக்கி, மற்ற மூன்றையும் அதற்குத் திருப்புங்கள். நீங்கள் அளக்காத, கேட்காத, பார்க்காத விஷயத்தைப் பற்றிய பக்கங்களை ஒன்று புதிதாக எழுதுங்கள், இல்லை எடுத்துவிடுங்கள். தேதியை மட்டும் மாற்றிப் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று போடுவது வேலைக்கு ஆகாது. பலன் தெரியப் பல மாதம் ஆகலாம்.

அறிகுறி: தளம் மெதுவாகத் திறக்கிறது

இதற்கு நிறைய நேரம் செலவழிக்காதீர்கள். முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் அசைய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். செல்போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றியதும், அலங்காரத் தமிழ் எழுத்துரு இரண்டு மூன்றைச் சேர்த்ததும்தான் வழக்கமான காரணம். படத்தைச் சுருக்கி, போனில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்துருவையே விட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது.

அறிகுறி: வருடம் ஆயிற்று, எதுவும் நகரவில்லை

மேலே உள்ள எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்றால் கடைசியாக ஒன்றைச் சோதியுங்கள். தலைப்பைப் பற்றி இப்போது உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா? வழியில் எந்த வீட்டு மெஷினைப் பார்த்தாலும் வேஸ்ட் குழாய் எங்கே போகிறது என்று கண் தேடினால் இன்னொரு வருடம் டொமைனைப் புதுப்பிக்கலாம். மீட்டரை எடுக்கவே அலுப்பாக இருந்தால் தொடர வேண்டாம்.

மூடுவதானால் முறையாக மூடுங்கள். நன்றாகப் போகும் இரண்டு மூன்று பக்கங்களை வேறு தளத்துக்கு மாற்ற முடிந்தால் ரீடைரக்ட் கொடுத்து மாற்றுங்கள். டொமைனை அப்படியே காலாவதியாக விட்டால் யாராவது வாங்கிச் சூதாட்டப் பக்கம் போடுவார்கள். அதில் இருக்கும் சர்வீஸ்காரர்களின் எண்களையும் அவர்கள் படங்களையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஆட்சென்ஸில் 10 டாலருக்கு மேல் மீதி இருந்தால், 100 ஆகவில்லை என்று விட்டுவிட வேண்டாம். முகவரியும் வங்கி விவரமும் சரியாக இருக்கும் நிலையில் கணக்கை முறைப்படி ரத்து செய்தால் அந்தத் தொகையைக் கடைசித் தவணையாக அனுப்பிவிடுவார்கள்.